குப்பையில் தைத்த உடைகள்: கண்காட்சியில் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: கழித்துப் போட்ட பொருட்களால் செய்த உடைகளின் கண்காட்சி ஒன்று அருங்காட்சியகத்தில் நடக்கிறது. பத்து வயது மகளை அழைத்துப் போகிறீர்கள். "பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரிதானே இருக்கும்? அரை மணி நேரம் போதுமா? அப்படி என்னதான் பார்ப்பது?"

எது எதில் செய்தது என்று தெரிந்துகொண்டு வந்தால் போதும் என்றால், அரை மணி நேரமே அதிகம். "அட, இது சோடா மூடி! இது கேசட் நாடா!" என்று வியந்துவிட்டு அடுத்த உடைக்கு நகர்ந்துவிடலாம். அந்த வியப்பு நாலைந்து உடை வரைக்கும் தாங்கும், அதற்கப்புறம் கால் வலிதான் மிஞ்சும். என்ன பொருள் என்பதைக் குறிப்பு அட்டையிலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பொருள் எப்படி உடம்பில் நிற்கும் உடையாயிற்று என்பதை எந்த அட்டையிலும் எழுதமாட்டார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். அப்படிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது. இந்த வகை உடைகளைப் பொம்மைக்கு அணிவித்துக் காட்சிக்கு வைக்கும் வேலையில் கொஞ்சம் கை வைத்திருப்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

முதல் சுற்றில் எந்த அட்டையையும் படிக்காமல், எட்ட நின்று நடந்துவிட்டு வாருங்கள். இது குப்பை என்பதை மறந்து, உருவமாக எது நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். தோள் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, கீழ்ப்பகுதி எப்படி விரிகிறது. சில உடைகள் இருபது அடி தூரத்திலேயே பேசும். சில உடைகளில் பொருள் என்னவென்று சொன்ன பிறகுதான் ஏதாவது இருப்பதாகவே தோன்றும். இரண்டாவது வகையை ஒதுக்கிவிடலாம், தப்பில்லை. மனத்தில் நின்ற நாலைந்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு இரண்டாம் சுற்றில் அவற்றுக்குப் பக்கத்தில் போங்கள்.

பக்கத்தில் போனதும் முதலில் தேட வேண்டியது இணைப்பு. துணியை ஊசியால் தைக்கலாம். குப்பையில் பாதி ஊசிக்கு மசியாது. பானக் கேனின் அலுமினியத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரின் தடிமன் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான். ஊசியால் குத்தினால் துளை விழும், ஆனால் நூல் இழுபடும்போது அந்தத் துளையிலிருந்தே கிழிந்துகொண்டு போகும். வெட்டிய விளிம்பு பிளேடாகக் கையை அறுக்கும். அதனால் தெரிந்தவர்கள் விளிம்பை உள்ளே மடித்து அழுத்தி, துளையின் ஓரம் கிழியாமலிருக்க ஷூ லேஸ் துளையில் இருப்பது மாதிரி சின்ன உலோக வளையம் பதித்து, கம்பி வளையங்களால் ஒன்றோடொன்று கோப்பார்கள். தெரியாதவர்கள் சூடான பசைத் துப்பாக்கியை எடுத்துத் துணிமேல் ஒட்டிவிடுவார்கள். இரண்டும் புகைப்படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நேரில் பார்த்தால், வளையத்தில் கோத்தது சங்கிலிக் கவசமாக மடங்கித் தொங்கும். ஒட்டியது விறைத்துக்கொண்டு நிற்கும், ஓரத்தில் பசையின் மெல்லிய இழைகள் சிலந்தி நூலாகத் தெரியும். வளையத்தில் கோக்கும் முறையை நவீன உடையுலகில் பெரிதாக்கியவர் பாகோ ராபான். கட்டடக்கலை படித்தவர். 1966-ல் பாரிஸில் "சமகாலப் பொருட்களில் அணிய முடியாத 12 உடைகள்" என்று பெயர் சூட்டியே ஒரு தொகுப்பைக் காட்டினார். பிளாஸ்டிக் வில்லைகளும் உலோகத் தகடுகளும்தான் துணி; ஊசிக்குப் பதில் கையில் குறடு. அவர் எடுத்தது கழிவுப் பொருள் கிடையாது, எல்லாம் புதிது. ஆனாலும் இன்று மூடிகளையும் கேன் வளையங்களையும் வைத்து உடை செய்கிற எல்லோரும் அவர் திறந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் உடைகளில் கவனிக்க வேண்டியது விளிம்புச் சுருள். கண்ணாடிப் பூவிதழ் கணக்காக ஓரம் சுருண்ட இதழ்கள் இருந்தால் அது கத்தரிக்கோல் வேலை அல்ல, சூட்டின் வேலை. பானப் பாட்டிலைச் செய்யும்போது தடித்த சின்னக் குழாய் ஒன்றைச் சூடாக்கி, அச்சுக்குள் இழுத்து ஊதிப் பெருக்குகிறார்கள். இழுபட்ட அந்த நிலையிலேயே அது குளிர்ந்து உறைந்துவிடுகிறது. மறுபடியும் 70–80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால், தன் பழைய சின்ன உருவத்துக்குத் திரும்பப் பார்த்துச் சுருங்கும். கலைஞர் மெழுகுவத்திச் சுடரையோ சூடான காற்றையோ ஓரத்தில் காட்டி, எவ்வளவு சுருங்க விடுவது என்று ஒவ்வொரு இதழாக முடிவு செய்கிறார். கை தேர்ந்தவர் செய்ததில் இதழ்கள் உள்ளிருந்து வெளியே போகப் போகச் சுருள் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போகும். மகளிடம் அதைக் காட்டுங்கள். பாட்டில் என்று தெரிந்தபோது வராத ஆர்வம் இதில் வரும்.

சைக்கிள் ட்யூப் வேறு குணம். வெட்டினால் நூல் பிரியாது, அதனால் ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. சரிகை வேலைப்பாடு மாதிரி நுணுக்கமாகத் துளையிட்டு வெட்டினாலும் தாங்கும். ஆனால் ஒரு தடவை ஊசி போன இடத்தில் துளை அப்படியே நின்றுவிடும், தப்பாகத் தைத்துப் பிரிக்க முடியாது. ஆகவே குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டு தைப்பார்கள். பஞ்சர் ஒட்டிய இடமோ காற்றடிக்கும் வால்வோ உடையில் எங்கே வருகிறது என்று பாருங்கள். மறைத்திருக்கிறார்களா, நடு மார்பில் பதக்கமாகவே வைத்திருக்கிறார்களா என்பதில் அந்தக் கலைஞரின் மனசு தெரியும். கேசட், வீடியோ நாடாவில் பின்னியவை பழுப்பு மின்னலோடு பட்டாக அசையும், ஆனால் நூலைப்போல இழுபட்டுக் கொடுக்காது. அதனால் தளர்வான பெரிய கண்ணிகளாகத்தான் இருக்கும். செய்தித்தாள் உடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மடிப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகரலாம்.

இரண்டாவதாகத் தேட வேண்டியது, இதை ஒரு ஆள் எப்படிப் போட்டுக்கொள்வார் என்பது. பொம்மையின் பின்பக்கம் போங்கள். திறப்பு எங்கே? ஜிப்பா, கொக்கியா, முடிச்சா? அக்குளில் என்ன நடக்கிறது? கை உயர்ந்தால் மூடிகள் தோலைக் கிள்ளுமா? உட்கார முடியுமா, இல்லை விழா முடியும்வரை நின்றேதான் ஆக வேண்டுமா? உள்ளே புறணித் துணி (லைனிங்) கொடுத்திருக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு எதிலும் பதில் இல்லையென்றால், கண்முன் இருப்பது பொம்மைக்குச் செய்த சிற்பம். சிற்பமாக அது நன்றாகவே இருக்கலாம். இந்த வகைக்கு வைத்திருக்கும் 'அணியும் கலை' என்ற பெயருக்குப் பாதிதான் நியாயம் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் மார்ட்டின் மார்ஜியேலாவின் சாக்ஸ் ஸ்வெட்டர் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். பெல்ஜியத்துக்காரர், ஆடை வடிவமைப்பாளர். 1991 வாக்கில் ராணுவ உபரிக் கடைச் சரக்கான சாக்ஸ்களைப் பிரித்து, வெட்டி, ஸ்வெட்டராகத் தைத்தார். சாக்ஸில் குதிகாலுக்கென்று ஒரு வளைந்த பை இருக்குமே, அதை எங்கே வைத்தார் என்பதுதான் விஷயம். முழங்கை மடங்கும் இடத்திலும் மார்பின் வளைவிலும் அந்தக் குதிகால்கள் வந்து உட்காரும்படி செய்தார். தட்டையான துணியில் இந்த வளைவுகளைக் கொண்டுவர ஒரு தையற்காரர் மடிப்புத் தையல் போட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே அந்த வேலையைச் சாக்ஸ் பின்னிய இயந்திரம் எப்போதோ முடித்து வைத்திருந்தது. பொருளின் பழைய வேலை புதிய உடைக்கு நேராக உதவுகிறது. எந்தக் கண்காட்சியிலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்: அந்தப் பொருளுக்குப் பதில் வேறு எதை வைத்திருந்தாலும் உடை இப்படியே வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால், குப்பை அங்கே வெறும் மணி வேலைப்பாடு.

அடுத்தது, கொஞ்சம் சங்கடமான கேள்வி. இது நிஜமாகவே கழிவுதானா? ஒரே நிறத்தில், ஒரு கீறலும் இல்லாமல் ஆயிரக்கணக்கான மூடிகள் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மொத்தமாகப் புது மூடி வாங்கிச் செய்வது ஒன்றும் கடினமில்லை. பயன்படுத்திய மூடியில் திறப்பான் வளைத்த தழும்பு இருக்கும், கேனில் நசுங்கல் இருக்கும், ஜிப்பில் பல் தேய்ந்திருக்கும். குறிப்பு அட்டையில் "மறுசுழற்சிப் பொருள்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால் அங்கே இருக்கும் வழிகாட்டியிடம் கேளுங்கள்: எங்கே கிடைத்தது, யார் பயன்படுத்தியது, எவ்வளவு காலம் சேர்த்தார்கள்? தொழிற்சாலை வெட்டுமிச்சமும் கழிவுதான், ஆனால் அதை யாரும் தொட்டதேயில்லை. ஒருவர் பயன்படுத்தித் தேய்த்த பொருளுக்கு இருக்கும் கனம் அதில் வராது.

அந்தக் கனம் என்ன என்பதற்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் ஒரு கல்யாண உடையைச் சொல்லலாம். 1944 ஆகஸ்டில், ஜப்பான்மீது குண்டுவீசிவிட்டுத் திரும்பும்போது இன்ஜினில் தீப்பிடித்து, சீனாவில் பாராசூட்டில் குதித்தவர் கிளாட் ஹென்சிங்கர் என்ற விமானி. மீட்க ஆள் வரும்வரை அந்தப் பாராசூட்தான் அவருக்குத் தலையணை, போர்வை எல்லாம். பத்திரமாக வைத்திருந்து, பிறகு ரூத் என்ற பெண்ணிடம் அதைக் கொடுத்து, இதில் கல்யாண உடை தைத்துக்கொள் என்று சொல்லித்தான் திருமணத்துக்கே கேட்டார். 1947-ல் கல்யாணம். ரவிக்கைப் பகுதியைத் தையற்காரி தைத்தார். பாவாடைப் பகுதியை ரூத்தே செய்தார். பாராசூட்டின் கயிறுகளை வெட்டி எறியாமல் அவற்றையே இழுத்துச் சுருக்கி, முன்பக்கம் உயரவும் பின்பக்கம் நீண்டு தரையில் புரளவும் செய்திருக்கிறார். பின்னாளில் மகளும் மருமகளும் அதே உடையில் மணம் முடித்தார்கள். கலைக் கண்காட்சிக்கென்று யாரும் செய்யாத உடை அது. ஆனால் பொருளின் பழைய வேலை உடைக்கு உதவுகிறதா, அது நிஜமாகவே ஒருவர் பயன்படுத்தியதா என்று நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் இதைவிட நல்ல பதில் சொல்லும் உடைகள் குறைவு.

வறுமையும் இந்தக் கலையின் ஒரு வேர். அமெரிக்காவில் 1930-களில் மாவும் கால்நடைத் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளை வீட்டுப் பெண்கள் உடையாகத் தைத்தார்கள். அதைப் பார்த்த கம்பெனிகள், எந்தச் சாக்கில் நல்ல பூ இருக்கிறதோ அதைத்தான் வாங்குவார்கள் என்று புரிந்துகொண்டு பூப்போட்ட சாக்குகளையே இறக்கின. ஜப்பானின் வடக்குக் கிராமங்களில் ஒட்டுமேல் ஒட்டாகத் தலைமுறை தலைமுறையாகத் தைத்த 'போரோ' உடைகளை, போட்டவர்கள் வெளியே காட்டவே வெட்கப்பட்டார்கள். இன்று அவை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. புதுக் கலைஞர்களின் உடைகளுக்கு நடுவே இப்படி ஒன்றை வைத்திருந்தால் அந்தக் காப்பாட்சியருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

பொம்மையில் நிற்கும் உடையில் பாதி உயிர் போய்விடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தில் சூசி மோன்கிரீஃப் 1987-ல் ஒரு கிராமப்புறக் கலைக்கூடத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வேரபிள் ஆர்ட்' (அணியும் கலை உலகம்) இன்று உலகறிந்த போட்டி. சுவரில் மாட்டும் கலையை இறக்கி மனித உடம்பில் ஏற்ற வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கமே. அங்கே எல்லாம் மேடைக்கும் வெளிச்சத்துக்கும் இசைக்கும் செய்தவை. அவற்றை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது அசைவை இழக்கிறோம். பதிலுக்கு, மேடையில் தெரியவே தெரியாத தையலும் கம்பியும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

நிக் கேவ் செய்த 'சவுண்ட்சூட்' (ஓசை எழுப்பும் உடை) ஒன்றாவது இருந்தால் பக்கத்தில் ஓடும் காணொளியைத் தவறவிடாதீர்கள். பாடகர் நிக் கேவ் வேறு. இவர் சிகாகோவில் வேலை செய்யும் கறுப்பினக் கலைஞர். ரோட்னி கிங் என்பவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்கள் அடித்த கொடுமையால் உலுக்கப்பட்டு, 1992-ல் பூங்காவில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கி ஒரு சிற்பம் செய்தார். அதற்குள் நுழைந்து அசைந்து பார்த்தபோது அது சலசலத்தது. பேரும் அப்படியே வந்தது. பிறகு பழைய பொம்மைகள், பொத்தான்கள், குரோஷே விரிப்புகள், யாரோ போட்டுத் தீர்த்த ஸ்வெட்டர்கள் என்று நூற்றுக்கணக்கில் செய்துவிட்டார். தலை முதல் கால்வரை மூடிவிடுவதால் உள்ளே இருப்பவரின் நிறமோ, ஆணா பெண்ணா என்பதோ, பணக்காரரா ஏழையா என்பதோ தெரியாது. யாரும் தூக்கியெறிகிற சுள்ளியை எடுத்ததற்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இருக்கிறது.

கண்காட்சிச் சுவரில் சுற்றுச்சூழல் பற்றிப் பெரிய எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். படியுங்கள், ஆனால் முழுசாக நம்பிவிட வேண்டாம். ஒரு உடைக்குச் சில நூறு பாட்டில் போகும். அதனால் உலகின் குப்பை குறையாது. உலகப் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆவது சுமார் 9 சதவீதம் என்று பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (OECD) கணக்கு சொல்கிறது. உடைக்குப் போகும் மூலப்பொருளில் மறுபடி உடையாகத் திரும்புவது 1 சதவீதத்துக்கும் கீழே என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் எழுதியது. இந்த எண்களை ஒரு கவுன் மாற்றப் போவதில்லை, மாற்ற வேண்டிய பொறுப்பும் அதற்கில்லை. நல்ல கலையைப் பிரச்சார அட்டையாக்கினால் இரண்டுமே நீர்த்துப்போகும் என்பது என் எண்ணம்.

கூடம் ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று மகள் கேட்பாள். துணி, காகிதம் எல்லாவற்றையும் வெளிச்சம் தின்னும். அதனால் வழக்கமாக வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குமேல் வைப்பதில்லை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். ஃபிளாஷ் கூடாது என்பதும் அதனால்தான். கயிறு கட்டியிருப்பது, கூட்டத்தில் யாராவது இடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளாஸ்டிக் நூற்றாண்டுகளுக்கு அழியாது என்று சுவரில் எழுதியிருப்பார்கள், அதற்குக் கீழே நிற்கும் பிளாஸ்டிக் உடையைக் காப்பாற்ற முடியாமல் காப்பாளர்கள் தவிப்பார்கள். இரண்டும் உண்மை. மண்ணில் அது துணுக்காகி மறையாமல் கிடக்கும். ஆனால் உடை என்ற உருவத்தில் இருபது முப்பது ஆண்டு நிற்பதே பெரிய பாடு. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசிந்து பிசுபிசுக்கும். பாலியூரித்தேன் நுரை தொட்டால் பொடியாகும். ரப்பரில் வெடிப்பு விழும். செய்தித்தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் அதை மஞ்சளாக்கி நொறுக்கும். மார்ஜியேலா இதையே கலையாக்கினார்: 1997-ல் ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் தன் பழைய உடைகளின்மேல் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்த்து, பொம்மைகளைக் கண்ணாடிக்கு வெளியே திறந்தவெளியில் நிறுத்தினார். பார்வையாளர்கள் உள்ளே இருந்து பார்த்தார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். வார நாளில் காலையில் போனால் பேழையைச் சுற்றி வர இடம் கிடைக்கும். பேனாவைப் பல இடங்களில் அனுமதிக்கமாட்டார்கள், பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்துப் போங்கள். மகளிடம் முழு உடையை வரையச் சொல்லாதீர்கள், சோர்ந்துவிடுவாள். ஒரு இணைப்பை மட்டும், இரண்டு மூடி எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வரையச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கவென்று மாதிரித் துண்டுகள் வைத்திருந்தால் அங்கே நேரம் விடுங்கள். எது பிடிக்கவில்லை, ஏன் என்றும் கேளுங்கள். அருங்காட்சியகத்தில் இருப்பதால் எல்லாமே நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் "நாமும் செய்யலாம்" என்பாள். கேன் தகடு வேண்டாம், கையை அறுக்கும். பாட்டிலைச் சூடாக்குவதும் பத்து வயதுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பை நூலில் தொடங்குங்கள். பையை மேசையில் தட்டையாக விரித்து, கைப்பிடியையும் அடித்தையலையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மீதிக் குழாயை நீளவாக்கில் மடித்து, குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் ஒரு வளையமாக வரும். ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று கோத்து இழுப்போமே, அதேபோல் வளையத்துக்குள் வளையத்தை நுழைத்து இழுத்தால் முடிச்சுத் தெரியாத நீள நூல். தடித்த குரோஷே ஊசியில், தளர்வாகப் பின்ன வேண்டும்; இறுக்கினால் வளையம் நீண்டு மெலிந்து அறுந்துவிடும். முதலில் ஒரு கைப்பட்டை, பிறகு இடுப்புப் பட்டை. எல்லாப் பைகளும் ஒரே கனத்தில் இருக்கும்படி பொறுக்கிக்கொள்ளுங்கள். 'மக்கும்' என்று அச்சடித்த பைகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் சில அலமாரியில் சும்மா கிடந்தே செதில் செதிலாக உதிர்ந்துவிடும், பின்னிய உழைப்பும் அதோடு போய்விடும்.